பச்சை அத்தியா, கறுப்பு அத்தியா?

(உழவர்களுக்கான வானொலி உரை)



வீட்டுக் கொல்லையில் ஒரு சீமை அத்தி வைக்கலாம் என்று நீங்கள் நாற்றுப் பண்ணைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். அங்கே இரண்டு விதக் கன்றுகளைக் காட்டுவார்கள். ஒன்று, பழுத்த பிறகும் பச்சையாகவோ, வெளிர் மஞ்சளாகவோ இருக்கும் ரகம். மற்றொன்று, பழுத்தால் ஊதாவாகிக் கறுத்துப் போகும் ரகம். "எதைய்யா வாங்குறது?" என்று கேட்டால், "கறுப்புதான் இனிப்பு" என்பார் ஒருவர். "பச்சையைக் காய வைத்தால்தான் நல்ல விலை போகும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஆனால், கன்று வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி தோல் நிறத்தைப் பற்றியதே அல்ல. வேறொரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்காமல் விட்டதால் அமெரிக்காவில் கலிபோர்னியா நாட்டுப்புறத்து விவசாயிகள் ஏறக்குறைய 20 வருஷம் மரத்தை வளர்த்துப் பலன் காணாமல் தவித்தார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கதை அமெரிக்காவில் நடந்தது என்றாலும், அதில் இருக்கும் பாடம் நமக்கும் வேண்டியதுதான்.

அத்தி பூத்தாற்போல

எப்போதாவது வருகிற ஆளைப் பார்த்தால், "அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறாயே" என்று கேட்கிறோம். அத்தி பூத்ததை யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பேச்சு இது. உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை. ஒவ்வொரு காயும் ஒரு பூங்கொத்துதான். நாம் காய் என்று சொல்வது ஒரு பை. அந்தப் பையின் உள்பக்கச் சுவர் முழுவதும் நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்கள் ஒட்டிக் கொண்டிருக்கின்றன. காயின் நுனியில் இருக்கும் சிறு துவாரம்தான் உள்ளே போக ஒரே வழி. இதை அத்தியின் கண் என்று சொல்லலாம். பூ உள்ளே அடைபட்டுக் கிடப்பதால் காற்றாலும் தேனீயாலும் அதற்கு மகரந்தம் கொண்டு போக முடியாது.

"அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்றும் நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் புழுவை நாம் அருவருப்பாகப் பார்க்கிறோம். ஆனால் அந்தப் பூச்சி இல்லாவிட்டால் பல அத்தி இனங்களில் விதையே பிடிக்காது. உலகத்தில் சுமார் 750 வகை அத்தி இனங்கள் உண்டு. நம்ம ஆலும் அரசும் அந்தக் குடும்பம்தான். பெரும்பாலும் ஒவ்வோர் இனத்துக்கும் என்று ஒரு சிறு குளவி தனியாக இருக்கிறது. கண் வழியாக உள்ளே போய் மகரந்தம் சேர்ப்பது அதன் வேலை.

ஆற்றங்கரையில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கிறதே, அது நாட்டு அத்தி. கடையில் மாலை போலக் கோத்து விற்கிற உலர்ந்த அத்திப் பழம் சீமை அத்தி. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு இனம். இன்றைய பேச்சு சீமை அத்தியைப் பற்றியது.

பாதிரிமார் கொண்டு வந்த கறுப்பு

1769-ம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுப் பிரான்சிஸ்கன் பாதிரிமார் கலிபோர்னியாவில் சான் டியேகோ என்ற இடத்தில் முதல் மடத்தை அமைத்தார்கள். அதற்குப் பிறகு வடக்கு நோக்கி ஒவ்வோர் ஊராக மடங்கள் எழுந்தன. அந்த மடங்களை அங்கே 'மிஷன்' என்பார்கள். பாதிரிமார் போன இடமெல்லாம் திராட்சை, ஆலிவ் இவற்றோடு அத்திக் குச்சியையும் கொண்டு போய் நட்டார்கள். அது பழுத்தால் கருநீலமாகிற ரகம். மிஷன் தோட்டங்களில் வளர்ந்ததால் 'மிஷன் அத்தி' என்றே பெயர் நிலைத்து விட்டது.

இந்தக் கறுப்பு அத்தி யாரையும் சிரமப்படுத்தவில்லை. குச்சியை வெட்டி ஊன்றினால் வேர் பிடிக்கும். சில வருஷத்தில் காய்க்கும். வருஷத்தில் இரண்டு தடவை பழம் தரும். பழைய கிளையில் ஒன்று, புதுக் கிளையில் ஒன்று. பின்னால் குடியேறி வந்த மக்கள் வீட்டு வாசலிலும் கொல்லையிலும் இதையே நட்டுக் கொண்டார்கள். பக்கத்தில் வேறு மரம் வேண்டும், பூச்சி வேண்டும் என்ற பேச்சே எழவில்லை. "அத்தி என்றால் நட்டால் காய்க்கும்" என்ற எண்ணம் அந்த ஊர் மக்கள் மனத்தில் பதிந்து போனது இப்படித்தான். பின்னால் வந்த கஷ்டத்துக்கெல்லாம் இந்த எண்ணம்தான் வேர்.

கப்பலில் வந்த 14,000 குச்சி

கறுப்பு அத்தி வீட்டுக்குப் போதும். சந்தைக்கு வேறு கணக்கு. அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் உலர்ந்த அத்தி என்றால் ஸ்மிர்னா அத்திதான். ஸ்மிர்னா என்பது துருக்கியின் துறைமுகப் பட்டணம். இன்று அதற்கு இஸ்மிர் என்று பெயர். அதன் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் விளையும் அத்திக்குத் தோல் பச்சை கலந்த மஞ்சள். உலர்ந்தால் பொன் நிறம். உள்ளே விதை நிறைந்து, மென்றால் கொட்டைப் பருப்பின் மணம் வரும். கலிபோர்னியாவில் உலர்த்திய பழம் அதன் அருகில் நிற்க முடியவில்லை.

"அந்த ரகத்தையே கொண்டு வந்து விட்டால் என்ன?" என்று யோசித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 'புல்லட்டின்' என்ற செய்தித்தாளில் இருந்த ரிக்ஸ்ஃபோர்டு என்பவர் முன்வந்தார். 1880-லும் அதையடுத்த இரண்டொரு வருஷத்திலும் ஸ்மிர்னாவிலிருந்து ஏறத்தாழ 14,000 குச்சிகளை வரவழைத்தார். அவை செய்தித்தாளின் சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. விவசாயிகள் ஆசையாக வாங்கி நட்டார்கள்.

குச்சி வேர் பிடித்தது. மரம் செழித்தது. காயும் கட்டியது. அப்புறம்தான் வினை. காய் கோலிக்குண்டு அளவு வரும், சுருங்கும், உதிர்ந்து விடும். மறு வருஷமும் அப்படியே. அதற்கு மறு வருஷமும் அப்படியே. தண்ணீர் குறைவோ என்று தண்ணீர் விட்டிருப்பார்கள். எரு குறைவோ என்று எரு போட்டிருப்பார்கள். மாவிலும் தென்னையிலும் பிஞ்சு உதிர்வதைப் பார்த்து வயிறு எரிந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். ஆனால் இங்கே கொஞ்சம் உதிர்ந்து கொஞ்சம் நிற்பது என்ற பேச்சில்லை. ஒரு காய்கூட நிற்கவில்லை.

அடுத்த வாசலில் இருக்கும் கறுப்பு அத்தி மட்டும் பாட்டுக்குக் காய்த்துக் கொண்டிருந்தது. அப்போது என்ன தோன்றும்? "ஸ்மிர்னாக்காரன் நம்மை ஏமாற்றி விட்டான், தன் வியாபாரம் கெட்டுப் போகுமே என்று மலட்டுக் குச்சியை வெட்டி அனுப்பி விட்டான்" என்று பலர் சந்தேகப்பட்டார்கள். மரத்தை வெட்டி எறிந்தவர்களும் உண்டு.

குச்சியில் ஒரு மோசமும் இல்லை. அனுப்பியவர்கள் உண்மையான ஸ்மிர்னா ரகத்தைத்தான் அனுப்பியிருந்தார்கள். வாங்கியவர்கள்தான் மரத்தை மட்டும் கொண்டு வந்தார்கள். அந்த மரத்தோடு சேர்ந்த வேலையைக் கொண்டு வரவில்லை.

மரத்தில் தொங்க விட்ட மாலை

ஸ்மிர்னாப் பக்கத்து விவசாயி என்ன செய்வார் தெரியுமா? கோடைத் தொடக்கத்தில் வேறொரு அத்தி மரத்திலிருந்து காய்களைப் பறிப்பார். அந்த மரத்தின் காய் தின்ன உதவாது, சக்கை. அதற்கு மேல்நாட்டில் 'ஆட்டு அத்தி' என்று பெயர். துருக்கியர் அந்தக் காயை 'இலெக்' என்பார்கள். நாம் ஆண் அத்தி என்று வைத்துக் கொள்வோம். அந்தக் காய்களை நாரில் மாலை மாதிரிக் கோத்து, நல்ல அத்தி மரத்தின் கிளைகளில் தொங்க விடுவார். கொஞ்ச நாளில் அந்தக் காய்களிலிருந்து எள்ளைவிடச் சிறிய கறுப்புக் குளவிகள் வெளியே வந்து நல்ல அத்திக் காய்களுக்குள் நுழையும். அப்படி நுழைந்த காய் உதிராது.

இது நேற்று வந்த வழக்கமும் அல்ல. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் செடிகொடிகளைப் பற்றி எழுதியபோதே, காட்டு அத்திக் காயைத் தொங்க விடுவதையும், அதிலிருந்து பூச்சி வருவதையும், காய் உதிராமல் நிற்பதையும் எழுதி வைத்திருக்கிறார்.

அப்படியிருந்தும் 19-ம் நூற்றாண்டில் படித்தவர்கள் பலர் இதைப் பட்டிக்காட்டு மூடநம்பிக்கை என்று தள்ளினார்கள். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துத் தாவர அறிஞர் காஸ்பரினி 1840-களில் சோதனை செய்து பார்த்து, காய் தொங்க விடுவது வீண் வேலை என்று எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஊர்ப் பக்கத்தில் பெரிதும் இருந்த ரகங்கள் பூச்சி இல்லாமலே பழுப்பவை. அவற்றில் சோதித்தால் வீண் வேலை என்றுதானே தெரியும்? தன் ஊர் மரத்துக்குப் பொருந்தியதை எல்லா ஊர் மரத்துக்கும் சொன்னதுதான் தவறாகப் போயிற்று.

கலிபோர்னியாவிலும் இதே கதை. கஸ்டவ் ஐசன் என்ற அறிஞர், "ஸ்மிர்னா அத்திக்கு ஆண் அத்தியும் குளவியும் கட்டாயம் வேண்டும்" என்று சொன்னார். கேட்டவர்களில் பலர் ஒப்பவில்லை. எள்ளி நகையாடியவர்களும் உண்டு. வாசலில் நிற்கும் கறுப்பு அத்தி பூச்சி இல்லாமல் காய்ப்பதைத் தினமும் பார்க்கிறவனிடம், பூச்சியைக் கப்பலில் வரவழைக்கச் சொன்னால் சிரிக்கத்தானே செய்வான்?

தகப்பனும் மகனும்

ஃப்ரெஸ்னோ என்ற ஊரில் ஃபிரடெரிக் ரோடிங் என்பவர் நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். நேரில் பார்த்து வந்தால்தான் விஷயம் தெளியும் என்று, 1886-ல் வெஸ்ட் என்ற தம் ஆளை ஸ்மிர்னாவுக்கு அனுப்பினார். அவர் அங்கே நடப்பதைப் பார்த்து, நல்ல அத்திக் குச்சியோடு ஆண் அத்திக் குச்சியையும் சேர்த்துக் கொண்டு வந்தார். இப்போது இரண்டு மரமும் வந்தாயிற்று. குளவி மட்டும் வரவில்லை.

ரோடிங்கின் மகன் ஜார்ஜ் ரோடிங் பொறுமைசாலி. 1890-ல் ஆண் அத்தியின் மகரந்தத்தை எடுத்து, நல்ல அத்திக் காயின் கண் வழியாகத் தம் கையாலேயே செலுத்திப் பார்த்தார். கை பட்ட காய்கள் உதிராமல் நின்று பழுத்தன. கை படாத காய்கள் வழக்கம்போல் உதிர்ந்தன. ஸ்மிர்னா விவசாயி செய்தது மூடநம்பிக்கை அல்ல என்று கண்ணுக்கு நேரே தெரிந்து விட்டது. ஆனால் ஒரு தோப்பு முழுவதும் ஒவ்வொரு காயாக மனுஷன் கையால் செய்ய முடியுமா? குளவியே வந்தாக வேண்டும்.

குளவியைக் கொண்டு வருவது சுலபமாக இல்லை. காயைப் பறித்துக் கப்பலில் அனுப்பினால் வழியிலேயே அழுகும், அல்லது காயும். உள்ளே இருக்கும் பூச்சி செத்துப் போகும். முதலில் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. கடைசியாக, அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த வால்டர் ஸ்விங்கிள், 1899-ல் வட ஆப்பிரிக்காவின் அல்ஜீரியாவிலிருந்து குளிர்காலத்து ஆண் அத்திக் காய்களை ஈயத்தாளில் சுற்றி அனுப்பினார். ஈயத்தாள் ஈரத்தைக் காத்தது. ஃப்ரெஸ்னோவில் ஓர் ஆண் அத்தி மரத்தைச் சுற்றிக் கூடாரம் போலத் துணி கட்டி, அதன் அடியில் காய்களை வைத்தார்கள். அந்த வருஷக் கோடையில் மரத்துக் காய்களுக்குள் குளவி குஞ்சு பொரித்துப் பெருகியிருப்பதைக் கண்டார்கள்.

அதற்குப் பிறகு ஸ்மிர்னா அத்தி கலிபோர்னியாவில் காய்த்தது. கலிபோர்னியா, ஸ்மிர்னா இரண்டு பெயரையும் சேர்த்து 'கலிமிர்னா' என்று பெயர் வைத்தார்கள். 1880-ல் வந்த குச்சிக்கு 1899-ல்தான் விடிவு பிறந்தது.

குளவி செய்வது என்ன?

சீமை அத்தியில் மரம் இரண்டு விதம். ஆண் அத்திக் காய்க்குள் குட்டைக் காம்புப் பெண் பூக்களும், கண்ணுக்குப் பக்கத்தில் மகரந்தப் பூக்களும் இருக்கும். பெண் குளவி உள்ளே நுழைந்து குட்டைப் பூக்களில் முட்டையிடும். புழு அந்தப் பூவுக்குள்ளேயே வளரும். முதலில் ஆண் குளவி வெளிவரும். அதற்கு இறக்கை கிடையாது. பெண் குளவியோடு சேர்ந்து விட்டு அந்தக் காய்க்குள்ளேயே அதன் ஆயுள் முடிந்து விடும். பிறகு பெண் குளவி கண் வழியாக வெளியேறும்போது, அங்கே பருவத்துக்கு வந்திருக்கும் மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டிக் கொள்ளும்.

வெளியே வந்த குளவிக்கு முட்டையிட இடம் வேண்டும். பக்கத்தில் நல்ல அத்தி மரம் இருந்தால் அதன் காய்க்குள்ளும் நுழையும். கண் மிகக் குறுகலாக இருப்பதால் நுழையும்போதே இறக்கை முறிந்து போகும். நல்ல அத்திக் காய்க்குள் பெண் பூக்களின் காம்பு நீளம். குளவியின் முட்டைக் குழல் அடிவரை எட்டாது. முட்டையிட முடியாமல் அலைந்து, உடம்பிலிருந்த மகரந்தத்தைப் பூவெல்லாம் பூசி விட்டு, அங்கேயே இறந்து போகும். குளவிக்கு அது நஷ்டம். காய்க்கு அதுவே வாழ்வு.

"அப்படியென்றால் பழத்தைத் தின்னும்போது குளவியைத் தின்கிறோமா?" என்று கேட்பீர்கள். குளவி கொசுவைவிடச் சிறியது. அத்திப் பாலில் புரதத்தைக் கரைக்கிற சத்து ஒன்று உண்டு. செத்த பூச்சியின் உடம்பில் பெரும் பகுதியை அது கரைத்து விடும். பல்லில் நறநறப்பது விதைதான்.

நிறம் காட்டாத உண்மை

இதுவரை கேட்டவர்கள், "சரி, கறுப்புக்குக் குளவி வேண்டாம்; பச்சைக்குக் குளவி வேண்டும்; அவ்வளவுதானே?" என்று முடிவு கட்டியிருப்பீர்கள். அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

இத்தாலியில் டொட்டாட்டோ என்று ஒரு பழைய பச்சை ரகம் உண்டு. அது குளவி இல்லாமலே பழுக்கும். கலிபோர்னியாவில் இதைப் புது ரகம் என்று நினைத்து 'காடோட்டா' என்று பெயரிட்டு வளர்த்தார்கள். இரண்டும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. அட்ரியாட்டிக் என்பதும் பச்சைத் தோல்தான்; அதற்கும் குளவி வேண்டாம். அத்தி ரகங்களை ஆயுள் முழுவதும் ஆராய்ந்த ஐரா காண்டிட் என்ற பேராசிரியரின் முயற்சியில் பிறந்து 1956-ல் வெளியான 'கோனாட்ரியா' ரகமும் குளவி கேட்காத பச்சைதான்.

இதற்கு நேர்மாறாக, துருக்கியில் 'புர்சா கறுப்பு' என்று பெயர் பெற்ற கறுப்பு அத்தி இருக்கிறது. புதுப் பழமாக வெளிநாடுகளுக்குப் போகும் ரகம். அது கறுப்பாக இருந்தும் குளவி இல்லாவிட்டால் காய் நிற்காது. இவை தவிர, முதல் காய்ப்புக்குக் குளவி வேண்டாம், இரண்டாம் காய்ப்புக்கு வேண்டும் என்று இரண்டுங்கெட்டானாக நிற்கும் ரகங்களும் உண்டு. அவற்றை 'சான் பெட்ரோ' வகை என்பார்கள்.

ஆக, நிறம் வேறு, காய் நிற்கும் குணம் வேறு. ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் சொல்ல முடியாது.

குளவி இல்லாமல் பழுக்கும் குணம் எப்படி வந்தது? இயற்கையில் எப்போதோ ஒரு மரத்தில் தற்செயலாகத் தோன்றிய மாற்றம் அது. அந்தப் பழத்தில் முளைக்கும் விதை இருக்காது. ஆகையால் தானாகப் பரவ முடியாது. யாரோ ஒரு மனிதன் அதன் சுவையைக் கண்டு குச்சி வெட்டி நட்டதால்தான் அது பிழைத்தது. யோர்தான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முந்திய கரிந்த அத்திப் பழங்கள் கிடைத்தன. அவை விதை பிடிக்காத வகை என்றும், மனிதர் குச்சி நட்டு வளர்த்தவையாக இருக்கலாம் என்றும் 2006-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதை ஒப்பாத அறிஞர்களும் உண்டு. அவர்கள் சொன்னது சரியென்றால், கோதுமையும் பார்லியும் முழுக்கப் பயிராவதற்கு முன்பே குச்சி ஊன்றத் தெரிந்த உழவன் இருந்தான் என்று ஆகிறது.

வரமும் தொல்லையும்

குளவி வந்ததும் எல்லாக் கஷ்டமும் தீர்ந்தது என்று நினைத்து விடாதீர்கள். 1920-களில் கலிமிர்னாத் தோப்புகளில் பழம் உள்ளுக்குள் அழுகும் நோய் ஒன்று தலைதூக்கியது. ஆராய்ந்து பார்த்தால், ஆண் அத்திக் காயில் இருந்த பூசணத்தைக் குளவியே உடம்பில் சுமந்து வந்து நல்ல காயில் சேர்த்திருக்கிறது. மகரந்தம் வந்த வழியிலேயே நோயும் வந்தது. அதற்குப் பிறகு ஆண் அத்திக் காயைச் சோதித்து, சுத்தம் செய்துதான் தோப்பில் வைக்க வேண்டியிருந்தது. ஆண் மரங்களைத் தனியே தள்ளி வைத்து, காயை அளவாகப் பறித்து வந்து வைக்கும் முறையையும் கைக்கொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. காடோட்டா ரகத்தை டப்பாவில் அடைத்து விற்பவர்களுக்கு விதையில்லாத மெத்தென்ற பழம் வேண்டும். அந்தக் காய்க்குள் குளவி நுழைந்தால் விதை பிடித்துப் பழத்தின் தன்மை மாறி விடும். கலிமிர்னாக்காரர் காசு கொடுத்து வரவழைக்கும் குளவி, பக்கத்துக் காடோட்டாக்காரருக்கு வேண்டாத விருந்தாளி. ஒருவர் வயலுக்கு வரமாக இருப்பது அடுத்தவர் வயலுக்குத் தொல்லையாகலாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொல்லையில் வைத்துப் பார்த்தால்

இனி, குளவி கேட்காத ரகங்களுக்குள்ளேயே பச்சையையும் கறுப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பழுத்த பக்குவத்தை அறிவதில் கறுப்பு சுலபம். நிறம் மாறுவது தூரத்திலிருந்தே தெரியும். பச்சையில் நிறத்தை நம்ப முடியாது. தொட்டுப் பார்க்க வேண்டும். காம்பு தளர்ந்து காய் தலை கவிழ்ந்து, அமுக்கினால் மெத்தென்று இருந்தால் பழம். அத்தியைச் செங்காயாகப் பறித்து வைத்துப் பழுக்க வைக்க முடியாது. வாழையும் மாவும் பழுப்பது போல அது பழுக்காது. மரத்திலேயே பழுக்க வேண்டும்.

கறுத்த பழம் நமக்கு மட்டுமா தெரியும்? பறவைக்கும்தான் தெரியும். பச்சைப் பழம் இலையோடு இலையாக மறைந்து கொள்வதால் பறவை சேதம் கொஞ்சம் குறைவு என்பது வீட்டில் வளர்ப்பவர்களின் அனுபவம்.

சுவையில் கறுப்பு கொஞ்சம் அழுத்தமானது. பச்சையில் காடோட்டா போன்றவை தேன் போன்ற இலேசான இனிப்பு. அட்ரியாட்டிக் போன்றவற்றுக்கு உள்சதை நல்ல சிவப்பு. உலர்த்தினால் மிஷன் கறுப்பாகவே காயும். பச்சை ரகங்கள் வைக்கோல் நிறமோ பொன் நிறமோ ஆகும்.

நிறத்தைவிடக் கவனிக்க வேண்டியது காயின் கண். கண் அகலமாகத் திறந்திருந்தால் எறும்பும் வண்டும் நுழையும், பழம் புளித்துப் போகும். கலிமிர்னாவுக்குக் கண் பெரிது. அது அந்த ரகத்தின் பலவீனம். காடோட்டாவில் பழுக்கும் சமயம் கண்ணில் ஒரு சொட்டுத் தேன் கசிந்து அரக்கு வைத்தாற்போல வாயை அடைத்து விடும். பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் அத்தி வெடிக்கும், புளிக்கும். மழைக் காலத்தில் பழம் வருகிற ஊர்க்காரர்கள் இறுகிய கண் உள்ள ரகமாகப் பார்ப்பது நல்லது. பறிக்கும்போது காம்பில் வடியும் பால் தோலில் பட்டால் அரிக்கும். கையில் துணி சுற்றிக் கொள்ளுங்கள்.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

நம் நாட்டிலும் சீமை அத்தி உண்டு. மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்துப் புரந்தர் வட்டாரம் அதற்குப் பேர்போனது. அந்தப் பழம் 2016-ல் புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே வளரும் புனே அத்தி ஊதா கலந்த நிறம். குளவி கேட்காமல் காய்ப்பது. அதனால்தான் அங்கே உழவர்களின் கையில் நிலைத்தது.

ஆனால் கன்று வியாபாரம் இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. அழகான படத்தைக் காட்டி எந்த நாட்டு ரகத்தையும் விற்பார்கள். ஸ்மிர்னா வகைக் கன்று ஒன்று உங்கள் கொல்லைக்கு வந்தால், ஆண் அத்தியும் அதன் குளவியும் இல்லாத இடத்தில் அந்தக் கலிபோர்னியாக் கதைதான் திரும்ப நடக்கும். "நம்ம ஆற்றங்கரை நாட்டு அத்தியில்தான் குளவி நிறைய இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கலாம். போதாது. அது வேறு இனக் குளவி. தன் அத்திக்கே அது உழைக்கும், சீமை அத்திக்கு உழைக்காது.

ஆகவே கன்று வாங்கும்போது, பச்சையா கறுப்பா என்று கேட்பதற்கு முன்னால், "இது குளவி இல்லாமல் காய் நிற்குமா?" என்று கேளுங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால், அந்த ரகம் உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே காய்த்து நிற்கும் தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து, அந்த மரத்திலிருந்தே குச்சி கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு, நிறம் உங்கள் விருப்பம்.

கடைசியாக ஒன்று. கலிபோர்னியாவில் வீணான அந்த 20 வருஷத்துக்குக் காரணம் மண்ணோ தண்ணீரோ அல்ல. தூர தேசத்து விவசாயி ஒருவர் வருஷா வருஷம் சக்கைக் காயை மாலை கட்டித் தொங்க விடுவதைக் கேள்விப்பட்டும், "ஏன் செய்கிறாய்?" என்று கேட்கப் பலருக்கு மனம் வரவில்லை. காரணம் சொல்லத் தெரியாமல் ஒரு வழக்கத்தை நம் பெரியவர்கள் காப்பாற்றி வந்திருக்கலாம். எல்லா வழக்கமும் சரியென்று நான் சொல்லவில்லை. தள்ளுவதற்கு முன்னால் ஜார்ஜ் ரோடிங் மாதிரி ஒரு கிளையில் செய்து, ஒரு கிளையில் செய்யாமல் விட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து விடுங்கள். மரமே பதில் சொல்லி விடும்.